கஞ்சியைக் கொட்டாதீங்க - ஒரு பாஸ்தா புலம்பல்

சமையல் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. கடைசியா நான் போட்ட ரசப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படிச்சப்புறம் கொஞ்ச நாள் அடக்கி வாசிக்கலாம்னு இருந்தேன். ஆனா போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, என் பொண்ணு செஞ்ச சீஸ் பாஸ்தாவைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சாப்பாடா? வயசானவங்க இருக்கிற வீட்ல இதைப் போயி பண்றீங்களே"ன்னு ஒரு பிரசங்கம் பண்ணிட்டுப் போனார். அவர் எதிர்ல வழக்கம்போல வாயை மூடிக்கிட்டு தலையை ஆட்டினேன். பதில் சொல்ல வேண்டியது நிறைய இருந்துச்சு. அதுக்குத்தானே நம்மகிட்ட ஒரு வலைப்பூ இருக்கு, இங்க சொல்லிடறேன் :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க அப்பா போனப்புறம் அம்மாவை மதுரையிலிருந்து சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. ஐம்பது வருஷம் ஒரே அடுப்படியில ராஜ்யம் பண்ணினவங்க. இங்க வந்து எங்க ஃபிளாட் சமையலறை வாசல்ல விருந்தாளி மாதிரி நிப்பாங்க. தங்கமணி நல்ல மனசோட, "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்"னு சொல்லுவா. அந்த 'உக்காருங்க'தான் அம்மாவை ரொம்ப பாதிச்சிருக்கு, அது எங்களுக்குப் புரியவே மூணு மாசம் ஆச்சு. காலையில ஒரு இட்லி, ராத்திரி ஒரு டம்ளர் பால். மத்தியானம் சோத்தைப் பிசைவாங்க, பிசைஞ்சுட்டே இருப்பாங்க. எடை குறைஞ்சுது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லை, சாப்பிட வைங்க"ன்னார். எப்படின்னு அவர் சொல்லலை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் பொண்ணு, பத்தாவது படிக்கிறா. வாரத்துக்கு ரெண்டு தடவை 'ஒயிட் சாஸ் பாஸ்தா' ஆர்டர் பண்ணணும். பிளாஸ்டிக் டப்பாவுல வரும். முன்னூறு ரூபாய்க்கு மேல பில். திறந்தா மேல எண்ணெய் பிரிஞ்சு, கீழ பாஸ்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல மைதாப் பசை. போஸ்டர் ஒட்டலாம். ஒரு நாள் கோவத்துல, "இனிமே வேணும்னா நீயே செஞ்சுக்கோ, காசு தரமாட்டேன்"னு சொல்லிட்டேன். அவளும் ரோஷத்தோட அடுப்படிக்குள்ள போயிட்டா.

முதல் தடவை கந்தரகோளம். சூப்பர் மார்க்கெட்ல தங்கமணி ஆசையா வாங்கி வச்சிருந்த வெளிநாட்டு செடார் துண்டைத் துருவி, கொதிக்கிற பால்ல அப்படியே கொட்டினா. ரெண்டு நிமிஷத்துல சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை, சுத்தி மஞ்சத் தண்ணி. அவ்வ்வ். முன்னூறு ரூபாயை மிச்சம் பண்ணப் போயி நானூறு ரூபா சீஸ் காலி.

ரெண்டாவது தடவைதான் விஷயமே. பாஸ்தா வெந்ததும் வடிதட்டுல கொட்டி, தண்ணியை சிங்க்ல ஊத்தப் போனா. வாசல்ல நின்னு பாத்துட்டிருந்த அம்மா ஒரே சத்தம்.

"ஏத்தா... கஞ்சியைப் போயி கீழ ஊத்துற?"

"அப்பத்தா, இது கஞ்சி இல்ல, பாஸ்தா தண்ணி."

"கோதும ரவையில செஞ்சதுன்னு நீதான சொன்ன? அத வேக வச்சா வர்றது கஞ்சிதான். எந்த ஊர்ல செஞ்சா என்ன? எடுத்து வையி."

நம்ம ஊர்ல வடிகஞ்சியை யாரு கொட்டினாங்க? மாட்டுக்கு வைப்போம், உப்புப் போட்டு சின்ன வெங்காயம் கடிச்சுக் குடிப்போம், பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் போடுவோம். வேட்டியை விறைப்பா நிக்க வைக்கிற அதே மாவுச்சத்துதான் பாஸ்தா சாஸையும் சேர்த்துப் பிடிச்சு நிறுத்துது. இத்தாலிக்காரங்க ரொம்ப காலமா பண்றது இதுதான். ஒரு கரண்டி வேகவச்ச தண்ணியை எடுத்து வச்சு சாஸ்ல சேர்ப்பாங்க. எங்கம்மா இத்தாலியை மேப்புல கூடப் பாத்ததில்லை.

இப்ப என் வாதத்துக்கு வர்றேன். நாலு விஷயம்.

ஒண்ணு. க்ரீமியா வர்றதுக்கு க்ரீம் வேண்டியதில்லை.

'ஆல்ஃபிரெடோ'ன்னு ஓட்டல் மெனுவுல போட்டிருக்கும் பாருங்க, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஆல்ஃபிரெடோ டி லேலியோ. ரோம்காரர். 1914ல அங்க சொந்தமா ஒரு உணவகம் ஆரம்பிச்சார். அவர் குடும்பத்துல சொல்ற கதை இது: 1908ல அவர் மனைவி இனெஸுக்குப் பிள்ளை பொறந்துச்சு. பிரசவத்துக்கப்புறம் அந்தம்மா ஓஞ்சு போயி, சாப்பாடே இறங்கலை. மனுஷன் கையால ஃபெட்டுச்சினே செஞ்சு, வெண்ணெயும் பார்மேசான் சீஸும் போட்டுக் கிளறிக் குடுத்திருக்கார். அவ்ளோதான். அதுல க்ரீமும் கிடையாது, மைதாவும் கிடையாது. வெண்ணெய், சீஸ், பாஸ்தாவோட சூடான கஞ்சித் தண்ணி, வேகமா ஒரு கிளறு. அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் அதுல க்ரீம் ஏறிச்சு. சாப்பிட மாட்டேங்கிற ஒருத்தருக்காக வீட்ல செஞ்ச பத்தியச் சாப்பாடு மாதிரி ஆரம்பிச்சது இன்னிக்கு நம்ம ஊர்ல 'ஃபாரின் குப்பை'ன்னு பேர் வாங்குது. இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டு டைனிங் டேபிள்தான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு. டப்பா சீஸைக் கேவலமாப் பேசாதீங்க.

நம்ம ஃப்ரிட்ஜுல இருக்கிற அமுல் க்யூப் 'பிராசஸ்டு சீஸ்'. உடனே சிலர் மூக்கைச் சுழிப்பாங்க. ஆனா சாஸுக்கு அதுதான் சுலபம், காரணமும் இருக்கு. 1911ல சுவிட்சர்லாந்துல வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர்னு ரெண்டு பேர், சீஸோட சோடியம் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினா கொழுப்பு பிரியாம வழுவழுன்னு வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல கிராஃப்ட் 1916ல சீஸைப் பிராசஸ் பண்ற ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சீஸ்ல புரதங்களை இறுக்கிக் கட்டி வச்சிருக்கிறது கால்சியம். இந்த உப்பு கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும். புரதம் தளர்ந்து, கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். அதனாலதான் பிராசஸ்டு சீஸ் சூடான பால்ல அழகா கரையுது. என் பொண்ணோட நானூறு ரூபா செடார் உருண்டையாப் போனதும் இதனாலதான், அதுல இந்த ஏற்பாடு இல்லை.

நல்ல சீஸ் வச்சிருக்கிறவங்களும் பயப்பட வேண்டாம், கஞ்சி காப்பாத்தும். மிளகும் பெக்கரினோ சீஸும் மட்டும் போட்டுச் செய்யற 'காச்சோ எ பெப்பே'ன்னு ஒரு ரோம் பாஸ்தா இருக்கு. அது அடிக்கடி கட்டி தட்டுதேன்னு நொந்துபோன இத்தாலிய இயற்பியல்காரங்க சிலர் அதையே ஆராய்ச்சி பண்ணினாங்க. சீஸ் எடையில ரெண்டு மூணு சதவீதம் மாவுச்சத்து இருந்தா சாஸ் கட்டி தட்டாது, ஒரு சதவீதத்துக்குக் கீழ போனா தட்டும்னு சொன்னாங்க. சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுப்பாங்களே இக் நோபல், 2025ல இயற்பியலுக்கான அந்தப் பரிசு இவங்களுக்குத்தான். "கஞ்சியை எடுத்து வையி"ன்னு சொன்ன எங்கம்மாவுக்கு அதுல ஒரு பங்கு வரணும்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பன்னீரைத் துருவிப் போட்டா சாஸ் ஆகுமா? ஆகாது. புளிப்பு சேர்த்துத் திரிச்சது உருகாது, அப்படியே நிக்கும். மொசரெல்லா? உருகும், ஆனா நூல் நூலா இழுக்கும். பீட்சாவுக்கு அழகு, சாஸுக்கு இல்லை. அப்புறம் சைவக்காரங்க கவனத்துக்கு: அசல் பார்மிஜானோ ரெஜியானோவுல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ரென்னெட்தான் சேர்க்கணும்னு விதி. வெள்ளி செவ்வாய் பாக்கறவங்க, பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

மூணு. இது எல்லாமே நம்ம பாட்டிகளுக்குத் தெரிஞ்ச வித்தைதான்.

பொண்ணு சீஸைக் கொட்டப் போன நேரத்துல அம்மா மறுபடி குரல் குடுத்தாங்க. "அடுப்ப அமத்திட்டுப் போடுத்தா. மோர்க்குழம்பு கொதிச்சா திரிஞ்சு போகுமில்ல?" சரியான வார்த்தை. அந்த இயற்பியல்காரங்க சொன்னதும் அதே. சூடு 65 டிகிரிக்கு மேல போனா சீஸ் புரதம் சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிடும். அடுப்பை நிறுத்தி, ஒரு நிமிஷம் பொறுத்து, அப்புறம் சீஸ்.

பாஸ்தாவை எவ்ளோ வேகவைக்கணும்? பிரியாணி அரிசி மாதிரி முக்கால் பதம். மிச்ச கால் பதம் சாஸ்ல வேகும். எவ்ளோ கெட்டியா இறக்கணும்? வெண்பொங்கல் மாதிரி தளர இறக்கணும். அடுப்புல சரியா இருந்தா தட்டுல களியாயிடும். இதையெல்லாம் 'டிப்ஸ்'னு இங்கிலீஷ்ல யாராவது சொன்னா பேனா பேப்பர் எடுத்துக் குறிச்சுக்கறோம். வீட்ல இருக்கிறவங்க சொன்னா, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க உக்காருங்க"ன்னு சொல்றோம். நானும் சொல்லியிருக்கேன். இப்ப நினைச்சா வெக்கமாத்தான் இருக்கு.

சரி, செய்முறை கேப்பீங்க. பெரியவங்க ரெண்டு பேர், சின்ன வயிறு ஒண்ணு, இவங்களுக்கான அளவு:

பென்னே அல்லது மக்ரோனி 200 கிராம். பாக்கெட்ல 'துரம் கோதுமை ரவை'ன்னு இருக்கான்னு பாருங்க. 'பாஸ்தான்னாலே மைதா'ன்னு சொல்றவங்களுக்கும் இதுதான் பதில், நல்ல பாஸ்தா ரவையில செய்யறது. விலை மலிவா மைதாவுல செஞ்சதும் இருக்கு, அது வெந்ததும் குழைஞ்சிடும். பிராசஸ்டு சீஸ் மூணு க்யூப், அதாவது 75 கிராம். பால் அரை டம்ளர். வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். பூண்டு நாலு பல். மிளகு தாராளமா.

அகலமான பாத்திரத்துல ஒரு லிட்டர் தண்ணி. போதும். இத்தாலிய வழக்கப்படி 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர், அந்தக் கணக்குல ரெண்டு லிட்டர் வரும். நமக்குக் கஞ்சி கெட்டியா வேணும், அதனால பாதி. உப்பு ஒரு டீஸ்பூனுக்கு மேல வேண்டாம், சீஸ்லயே உப்பு ஜாஸ்தி. கொதிச்சதும் பாஸ்தாவைப் போட்டு, முதல் நிமிஷம் நல்லா கிளறி விடுங்க, இல்லன்னா அடியில ஒட்டும். பாக்கெட்ல 11 நிமிஷம்னு போட்டிருந்தா 9 நிமிஷத்துல வடிச்சிடுங்க. வடிக்கும்போது கீழ ஒரு பாத்திரம் வைங்க! ஒரு பெரிய டம்ளர் கஞ்சியாவது எடுத்து வைங்க.

அதே பாத்திரத்துல வெண்ணெய், நசுக்கின பூண்டு. பூண்டு சிவக்கக் கூடாது, வாசம் வந்தாப் போதும். இடிச்ச மிளகு. பால், அரை டம்ளர் கஞ்சி, பாஸ்தா. ரெண்டு நிமிஷம் கொதி. அடுப்பை நிறுத்துங்க. ஒரு நிமிஷம் சும்மா இருங்க (கஷ்டமான வேலை இதுதான்). துருவின சீஸை மூணு தடவையாப் போட்டுக் கிளறுங்க. இறுகினா இன்னும் கொஞ்சம் கஞ்சி. முடிஞ்சுது. தண்ணி கொதிக்கிறதையும் சேர்த்து இருபது நிமிஷம். டப்பா பாஸ்தா வண்டியேறி வர்ற நேரத்துக்குள்ள சாப்பிட்டுத் தட்டையும் கழுவிடலாம்.

பட்டாணி, சோளம், கேரட் போடணும்னா பாஸ்தா வேகற கடைசி மூணு நிமிஷத்துல அதே தண்ணியில போடுங்க. தக்காளி மட்டும் வேண்டாம், பால் திரிஞ்சிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏதோ ஒரு ஃபாரின் குறிப்புல 'டின் பால்'னு படிச்சுட்டு நான் ஒரு நாள் கண்டென்ஸ்டு மில்க் ஊத்திட்டேன். அவங்க சொன்னது சர்க்கரை போடாம சுண்டக் காய்ச்சின பால். எங்க வீட்ல அன்னிக்கு வந்தது பூண்டு போட்ட பால்கோவா. தங்கமணி இன்னும் மறக்கலை.

நாலாவது, நான் உண்மையிலயே சொல்ல வந்தது. பிள்ளைங்க அடுப்படிக்கு வர்றதுக்கு ஒரு வாசல் வேணும்.

பதினஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட முதல் பாடமா வத்தக்குழம்பு சொல்லிக் குடுத்தா ஓடிடும். அது ஆசைப்பட்டுத் திங்கறதை அதுவே செய்யட்டும். பாஸ்தா செஞ்சவளுக்குப் பதம் தெரியும், கஞ்சி தெரியும், அடுப்பை எப்போ நிறுத்தணும்னு தெரியும். அதுக்கப்புறம் பொங்கலும் மோர்க்குழம்பும் எவ்ளோ தூரம்? பையன் வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் முப்பது வயசு வரைக்கும் வெந்நீர் மட்டுமே வைக்கத் தெரிஞ்ச ஜென்மம். அப்பா ஆஸ்பத்திரியில இருந்த பன்னெண்டு நாளும், அம்மா அவர்கிட்டயே இருந்தாங்க. மதுரை வீட்ல நின்னு ஒரு கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போகக் கூட எனக்கு சரியா வரலை. அடியில பிடிச்ச கஞ்சியைத்தான் அப்பா ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டு, "நல்லாருக்குடா"ன்னு சொன்னார். அது பொய்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். என் பிள்ளைக்கு அந்த நிலைமை வரக் கூடாது. அவ்ளோதான் என் கட்சி.

தினமும் சாப்பிடலாமான்னு கேட்டா, வேண்டாம். சீஸ்ல கொழுப்பும் உப்பும் உண்டு. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. அதனால எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும். அவங்க பங்குக்கு வேகற தண்ணியில உப்பே போடறதில்லை, எங்களுக்கு வேணும்னா தட்டுல தூவிக்கறோம். சொந்தக்காரர் கவலைப்பட்டது இதுக்குன்னா ஒத்துக்கறேன். ஆனா 'நம்ம சாப்பாடு இல்லை'ங்கறதுக்காகன்னா, மன்னிக்கணும், மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கூட கப்பல்ல வந்து இறங்கினதுதான். அவர் அன்னிக்கு எங்க வீட்ல ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினது உருளைக்கிழங்கு வறுவல்.

அந்த ரெண்டாவது தடவை செஞ்ச ராத்திரி என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. பொண்ணு ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு, "அப்பத்தா, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், டேஸ்ட் பாத்து சொல்லுங்க"ன்னு நீட்டினா. அம்மா ஸ்பூனை ஓரமா வச்சுட்டு, கையால ஒண்ணு எடுத்து வாயில போட்டாங்க. நாங்க மூணு பேரும் பரீட்சை ரிசல்ட் மாதிரி பாத்துட்டு நிக்கறோம்.

"மிளகு பத்தல"ன்னாங்க.

மிளகு போட்டுக் குடுத்தோம். கிண்ணம் காலி. அப்புறம், "இன்னும் ரெண்டு இருந்தா வையி"ன்னாங்க. தங்கமணி முகத்தைத் திருப்பிக்கிட்டு கேஸ் அடுப்பைத் துடைக்க ஆரம்பிச்சுட்டா. அது ஏற்கனவே சுத்தமாத்தான் இருந்துச்சு.

உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னும் சில மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுட்டே உக்காந்திருக்காங்க. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணி ஆனா சமையலறைக்குள்ள ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறாங்க, வாசல்ல இல்லை, உள்ள. போன வாரம் பேத்திக்கு மோர்க்குழம்பு கத்துக் குடுத்தாச்சு. "அத்தை, உப்புப் பாருங்க"ன்னு தங்கமணியும் இப்ப கேக்கறா.

பாஸ்தாவைப் பத்தி அவங்க கருத்து மட்டும் மாறலை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சாப்பாடு இல்லடா, பலகாரம்."

உங்க வீட்டுப் பெரியவங்க இந்த மாதிரி என்ன சொல்லி உங்களைத் திகைக்க வச்சாங்க? பின்னூட்டத்துல வந்து கொட்டுங்க மக்களே. கஞ்சியை மட்டும் கொட்டிடாதீங்க.

டிஸ்கி: மிஞ்சின கஞ்சித் தண்ணியை சூப்புல ஊத்தலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். உப்புப் போட்டு வேக வச்சிருந்தா செடிக்கு ஊத்தாதீங்க. எங்க வீட்டுத் துளசி அனுபவத்துல சொல்றேன் :-(